பீரங்கி மேல் உட்கார்ந்த பையன்

பெஞ்சல் புயல் கரையைக் கடந்தது 2024 நவம்பர் 30 இரவு. கடந்தது என்று செய்தியில் சொன்னார்களே தவிர, அது எங்கேயும் போகவில்லை. புதுச்சேரிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு கொட்டித் தீர்த்தது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். செஞ்சியில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர்.

முப்பது வருடத்துக்கு மேல் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் நான். பிள்ளைகள் போட்ட படங்களில் மனசுக்குப் பிடித்ததையெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் சேர்த்து, கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். வெள்ளம் வருகிற வீட்டில் பெட்டியைத் தரையில் வைத்தது யார் தப்பு? மூன்றாம் நாள் திறந்து பார்த்தால் கோட்டை, மாடு, பொங்கல் பானை எல்லாம் கரைந்து ஒரே பழுப்புக் கூழ்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அம்மா ஒரு கல்யாண ஆல்பத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"சார், அரிசி வந்துடுச்சி, பாய் வந்துடுச்சி. எங்க வீட்டுக்காரரு மூஞ்சி மட்டும் போயிடுச்சி. நீங்க படம் போடறவருதானே, ஏதாவது பண்ணுங்க."

ஆல்பத்தின் பக்கங்கள் அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக்கிடந்தன. நல்ல வேளை, அவர் பிய்த்துப் பார்க்கவில்லை. நனைந்த போட்டோவைப் பிய்த்தால் முகம் பிளாஸ்டிக் உறையோடு போய்விடும். காயவிட்டாலும் கெட்டது, ஒட்டியது ஒட்டியபடியே இறுகிவிடும். ஈரத்தோடு இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டு, தானாக விட்டுக்கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். சேற்றை விரலால் தேய்க்கக் கூடாது, தண்ணீரிலேயே அலச வேண்டும். பிறகு நிழலில், முகம் மேலே பார்க்க, அல்லது கொடியில் ஓரத்தில் கிளிப் போட்டு உலர்த்த வேண்டும். பழைய ஸ்டூடியோப் படங்கள், முக்கியமாகக் கறுப்பு வெள்ளை, இதைத் தாங்கும். கம்ப்யூட்டர் பிரின்ட் தாங்காது. அதன் மை தண்ணீர் பட்டதும் ஓடிவிடும். அந்த அம்மாவின் கணவர் கறுப்பு வெள்ளைக் காலத்து மாப்பிள்ளை. பிழைத்தார்.

மறுநாள் இன்னும் நாலு வீட்டு ஆல்பம் வந்தது. ஒரு வாரத்தில் என் திண்ணை முழுக்கக் கொடி. மாலை போட்ட மணமக்கள், சுன்னத் கல்யாணத்துக்குத் தொப்பி வைத்த சிறுவன், மொட்டைத் தலையோடு அழுகிற குழந்தை, மேல்சித்தாமூர் சமண மடத்தில் வரிசையாக நிற்கும் ஒரு குடும்பம். தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். "இது நம்ம பாய் கடைத் தாத்தா இல்ல? இவரு எப்படி இந்தக் கல்யாணத்துல முன் வரிசையில உட்கார்ந்திருக்காரு?" என்று ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்ல, டீ வரவழைத்து ஒரு மணி நேரம் பேச்சு. நிவாரண வரிசையில் டோக்கனுக்காக முதல் நாள் சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேர் அதில் இருந்தார்கள்.

இப்படிப் படம் கழுவி மாட்டுவதை நான் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் மியாகி மாநிலத்து யாமாமோட்டோ ஊரில் சேற்றிலிருந்து பொறுக்கிய போட்டோக்கள் சுமார் 7,50,000. தன்னார்வலர்கள் அவற்றைக் கழுவி, உலர்த்தி, உரியவர்கள் வந்து தேடி எடுத்துப்போக ஏற்பாடு செய்தார்கள். யார் என்று தெரியாத அளவுக்கு அரித்துப்போனவை மிஞ்சின. முனேமாசா தகாஹாஷி என்ற புகைப்படக்காரர் அவற்றைக் குப்பையில் போட விடாமல் கண்காட்சியாக வைத்தார். டோக்கியோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் கலைக்கூடங்களுக்கெல்லாம் அவை போயின. பாதி முகம் அழிந்த படத்தின் முன் நிற்கிற அந்நியருக்கு அந்த ஊர்மேல் ஒரு பாத்தியதை வந்துவிடுகிறது. நிதியும் அந்த வழியாகத்தான் வந்தது.

நாங்களும் நிதி திரட்டிப் பார்த்தோம். என் பழைய மாணவர்கள் கோட்டையை வரைந்து விற்றார்கள். வாங்கியதெல்லாம் சொந்தக்காரர்கள்தான். சேர்ந்த பணம் ஒரு குடும்பத்துக்கு அடுப்பும் பாத்திரமும் வாங்கக் காணும். 2018 கேரள வெள்ளத்துக்காக கொச்சி பினாலே கலைவிழாக்காரர்கள் 2019 ஜனவரியில் நடத்திய கலை ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. அந்தப் பினாலேயின் முழுப்பெயரில் முசிறி இருக்கிறது. நம் சங்கப் புலவர்கள் பாடிய அதே துறைமுகம். 1341 பெரியாற்று வெள்ளம் முசிறியைத் தூர்த்துக் கொச்சியைத் திறந்துவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். ஒரு வெள்ளத்தால் பிறந்த ஊர் இன்னொரு வெள்ளத்துக்குப் படம் விற்றது. ஆனால் அதற்குப் பெரிய பெயர்களும் பெரிய பணக்காரர்களும் வேண்டும். செஞ்சி அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்து ஆரோவில்லிலேயே, 2004 சுனாமிக்குப் பிறகு மீனவப் பெண்கள் துண்டுத் துணியில் செய்த குட்டிப் பொம்மை 'சுனாமிகா' விலையே இல்லாமல் நாடு நாடாகப் போனது. விரும்பியவர் விரும்பியதைக் கொடுத்தார்கள்.

எனக்கு அதைவிட நெருக்கமாகப் படுவது யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் செய்த காரியம். இடம்பெயர்ந்த தமிழர், முஸ்லிம்கள் என்று எண்பது பேரிடம் போய், விட்டுவந்த வீட்டை ஞாபகத்திலிருந்து கோடு போட்டுக் காட்டச் சொன்னார். கிணறு இங்கே, மாமரம் இங்கே, சாமி அறை இங்கே. அதைக் கட்டடக் கலைஞரின் வரைபடமாக்கி, தன் ஓவியத்தையும் சேர்த்து 2011இல் புத்தகமாக்கினார். 'முழுமையடையாத தோம்பு' என்பது தலைப்பின் பொருள். தோம்பு என்றால் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர் காலத்து நிலப் பதிவேடு. அரசாங்கத் தோம்பில் மாமரம் இருக்காது. பட்டா நனைந்துபோனால் தாலுகா ஆபீசில் நகல் கிடைக்கும், மாமரத்துக்கு எங்கே போவது?

எங்கள் ஊருக்கென்று ஒரு தோம்பு போட்டால் முதல் பக்கத்தில் கோட்டைதான் வரும். என் கொடியில் தொங்கிய படங்களில் பாதிக்குப் பின்னால் கோட்டை இருந்தது. இந்து வீடோ முஸ்லிம் வீடோ சமண வீடோ, கல்யாணமான முதல் மாசம் கோட்டைக்குள் இருக்கிற கல்யாண மகாலுக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுக்காத ஜோடி இங்கே குறைவு. கோட்டையும் அப்படிப்பட்டதுதான். வேங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் ஒரே மதில்களுக்குள். 1714இல் ஆற்காட்டு நவாபோடு மோதி இறந்த தேசிங்கு ராஜாவைப் பாடுகிற கதைப்பாட்டு, மணக்கோலத்தில் கிளம்பிவந்து நண்பனுக்காக உயிர்விட்ட மகமத்கானையும் சேர்த்தேதான் பாடும். நீலாம்பூண்டியில் மகமத்கான் சமாதியையும் தேசிங்கின் குதிரையின் சமாதியையும் இன்றும் காட்டுகிறார்கள். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற தூண்கள்கூட பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து கொண்டுபோனவை. நம் சாமானை அடுத்த ஊரில் போய்ப் பார்க்கிற பழக்கம் எங்களுக்குப் பழையது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது செஞ்சி. பெருமைதான். அதன் பிறகு, வருகிறவர்கள் சிவாஜியையும் ராஜாராமையும் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் மலைக்குக் கீழே இருக்கிற ஊரின் முகங்களை மாட்ட ஓர் அறை வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரிய கட்டடம் வேண்டாம். தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் அலமாரி, ஒரு கொடி, சாயங்காலம் இரண்டு மணி நேரம் திறந்து வைக்க ஆள். அடுத்த மழைக்கு முன்னால் ஊர் ஆல்பங்களையெல்லாம் அங்கே உட்கார்ந்து செல்போனில் நகல் எடுத்துவிடலாம்.

அதுவரை என் திண்ணைதான். எல்லாப் படங்களும் வீடு போய்ச் சேர்ந்துவிட்டன, இரண்டைத் தவிர. ஒன்றில் முகமே இல்லை, பட்டுப்புடவைக் கரை மட்டும். மற்றதில் கோட்டையின் ராஜகிரி மலை உச்சிப் பீரங்கி மேல் அரை டிராயர் போட்ட பையன் ஒருவன் குதிரை ஏறியதுபோல் உட்கார்ந்து சிரிக்கிறான், முன்பல் இல்லை. காகிதத்தைப் பார்த்தால் அவனுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். எந்த வீட்டு ஆல்பத்தோடு வந்தான் என்பது கலந்துபோயிற்று. சந்தை நாளில் படத்தை வெளியே மாட்டுகிறேன். போன வெள்ளிக்கிழமைவரை மூன்று பேர் அது தாங்கள்தான் என்று சொல்லிவிட்டார்கள்.