காயல் துறைக் குதிரைகளும் லாடக்காரரும்

பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்ட மாணிக்கவாசகரின் வரலாற்றை அறியாதார் நம்மில் இலர். கடல் கடந்து வந்த குதிரைகளுக்குப் பாண்டிய மன்னர்கள் பெரும்பொருள் செலவிட்டது வெறும் கதையன்று. தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தருகே பழையகாயல் என்னும் சிற்றூர் உளது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் முத்துக்கும் குதிரைக்கும் பேர்பெற்றிருந்த துறைமுகம் அதுவே என்பது அறிஞர் கால்டுவெல் கண்ட முடிவு.

அக்காலத்தில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ எழுதி வைத்த செய்தி நம் சிந்தனைக்குரியது. ஓர்முஸ், கிஷ், ஏடன் முதலிய துறைகளின் வணிகர்கள் குதிரைகளைக் கொணர்ந்தனர். அரசன் ஆண்டுதோறும் 2,000க்கு மேல் வாங்க விரும்பினான். அவனுடைய உடன்பிறந்தார் நால்வரும் அவ்வாறே. ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லையாம். குதிரையைப் பேணும் முறையை இங்குள்ளோர் அறியார். லாடம் கட்டிக் குளம்பு நோய் தீர்ப்பாரும் இலர். அவ்வணிகரோ அத்தொழில் வல்லாரைத் தம்முடன் அழைத்து வாரார்; வர முயல்வோரையும் தடுத்துவிடுவர். குதிரை நெடுநாள் வாழ்ந்தால் அடுத்த ஆண்டு விற்பனை குறையுமன்றோ!

எண்ணிக்கையைப் பெருக்கிச் சொல்வது பயணிகளின் இயல்பு. நம் வெப்பமும் ஒவ்வாத தீனியும் பல குதிரைகளைக் கொன்றிருக்கும். எனினும், கடலில் இறந்த குதிரைக்கும் அரசன் விலை கொடுத்தான் என்று பாரசீக ஆசிரியர் வஸ்ஸாபும் எழுதுகிறார். ஆகவே விலங்கு மடிவதால் விற்றவனுக்கு நட்டமில்லை. நட்டம் அரசனின் கருவூலத்திற்கு. வேதனை வாயில்லாச் சீவனுக்கு.

பிறநாட்டுத் தொழிலாளியைத் தடுத்தால் இத்தகைய கேடு விளையும். ஆனால் வந்தவனையெல்லாம் சோதியாமல் ஏற்பதும் தகாது. குளம்பின் வெளிச்சுவருக்கு உணர்ச்சி இல்லை. உள்ளே உயிர்ச்சதை உண்டு. ஆணி சற்றே உள்வாங்கினால் சீழ் வைத்து விலங்கு நொண்டிவிடும். இதையறிந்தே இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டில் சட்டம் இயற்றிப் பதிவு மன்றம் அமைத்தனர். பயிற்சியற்றோர் குதிரைகளுக்கு இழைக்கும் துன்பத்தைத் தடுப்பதே அதன் நோக்கம். அயல்நாட்டில் பயின்றவரும் தம் தகுதியை மெய்ப்பித்த பின்னரே அங்கு லாடம் அடிக்கலாம். நம் நாட்டிலும் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் லாடக்காரர்க்கு உரிமம் வழங்கும் விதிகள் 1965ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டன.

பஞ்சுப் பொதியும் உப்பு மூட்டையும் சுமந்து தூத்துக்குடித் துறைக்கு வந்த மாட்டு வண்டிகள் இன்று அருகிவிட்டன. லாடக்காரரும் அருகி வருகின்றனர். மாட்டுக் குளம்பு பிளவுபட்டதாகையால் ஒரு காலுக்கு இரண்டு லாடம் வேண்டும். அது தனிக் கைத்திறன். எஞ்சியுள்ள முதியோரிடம் இளைஞர் சிலரைப் பயிற்றுவிக்க நம் சங்கங்கள் முன்வரலாம். கால்நடை மருத்துவர் முன்னிலையில் சோதித்து அவர்களை ஏற்கலாம். எவ்வூரார், எந்நாட்டார் என்பதை நாம் கேட்க வேண்டுவதில்லை. லாடம் கட்டியபின் மாடு நொண்டாமல் நடக்கிறதா என்று பார்த்தால் போதும்.