ஒரு மணி நேரம் ஆடுபவருக்கும் ஓர் இடம்

இணைய விளையாட்டுகளின் போர்க்களத்தில் இரு வகையினர் அருகருகே நிற்கின்றனர். வேலையும் வீட்டுக் கடமைகளும் முடிந்து, பிள்ளைகள் உறங்கிய பிறகு ஒரு மணி நேரம் ஆட அமர்பவர் ஒரு வகை. வாரத்தில் நான்கைந்து இரவுகளை ஒதுக்கி, குழு அமைத்து, ஒவ்வோர் அசைவையும் ஒத்திகை பார்த்து ஆடுபவர் மற்றொரு வகை. இருவரும் கட்டுவது ஒரே சந்தா. அப்படியிருக்க, போரின் கடுமையை யாருக்கு ஏற்றவாறு அமைப்பது? எளிதாக்கினால் தீவிரமாக ஆடுபவர் சலித்துப் போகிறார். கடினமாக்கினால் ஓய்வுநேர விளையாட்டாளர் மனம் வெறுத்து விலகுகிறார். ஒருவர் விலகும்போது, அவரை நம்பியிருந்த குழுவும் ஆட்டம் காண்கிறது.

இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ நல்ல எடுத்துக்காட்டு. வெளியீட்டுக்கு முந்திய சோதனைக் காலத்திலேயே அங்கு ஒரு பாடம் கிடைத்தது. நெடுநேரம் ஆடுபவருக்குக் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் பாதியாகக் குறையும்படி முதலில் அமைத்தார்கள். ‘இது தண்டனை’ என்று சோதித்தவர்கள் கொதித்தார்கள். பிறகு, குறைந்த புள்ளியையே இயல்பான அளவாக வைத்து, ஓய்வெடுத்துத் திரும்புபவருக்கு இரட்டிப்பு வெகுமதி என்று அறிவித்தார்கள். கணக்கு ஏறக்குறைய அதேதான். ஆனாலும் எதிர்ப்பு அடங்கியது. குறைவாக ஆடுபவருக்கு உதவும்போது, அதிகம் ஆடுபவரிடமிருந்து எதையோ பறித்ததாகத் தோன்றக் கூடாது.

நேரம் வேறு, திறமை வேறு

போர் என்று வரும்போது சொல்லை மாற்றினால் மட்டும் போதவில்லை. தொடக்க காலத்தில் இந்த விளையாட்டின் பெரும்படைப் போர்களுக்கு 40 பேர் வரை தேவைப்பட்டார்கள். எதிரியின் அடியைத் தாங்குபவர், காயத்தை ஆற்றுபவர், தாக்குபவர் என ஆளுக்கொரு பொறுப்பு. 2006 ஜூனில் திறக்கப்பட்ட ‘நாக்ஸ்ராமஸ்’ கோட்டையின் உள்ளே சென்று முழுவதையும் பார்த்தவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களுக்குத் திறமை இல்லையா? பலருக்கு இருந்தது. 40 பேரை ஒரே இரவில், ஒரே நேரத்தில் கணினி முன் அமர வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வடிவமைப்பாளர் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். நேரமில்லாதவரைத் திறமையில்லாதவர் என்று எண்ணிவிட்டால், அமைக்கும் போரும் பிழையாகிவிடும்.

அதன் பின் எண்ணிக்கை குறைந்தது. 2007இல் 25 பேர் போதும் என்றானது. 2008 நவம்பரில் அதே நாக்ஸ்ராமஸ், 10 பேருக்கும் 25 பேருக்கும் ஏற்றபடி மீண்டும் வந்தது. 2009 டிசம்பரில் திறந்த ‘ஐஸ்கிரவுன்’ கோட்டையில் இன்னொரு வழியைக் கையாண்டார்கள். முதலில் வந்த வல்லவர்கள் உதவியின்றிப் போரிட்டார்கள். அடுத்து வந்த மாதங்களில் விளையாட்டாளர்களின் பலம் 5 விழுக்காட்டில் தொடங்கி 30 விழுக்காடு வரை படிப்படியாக உயர்த்தப்பட்டது. உதவி வேண்டாதவர் அதை நிறுத்தி வைக்கவும் முடிந்தது. முதலில் வென்றவரின் பெருமை குறையவில்லை. பின்னால் வந்தவரும் வாசலிலேயே நின்றுவிடவில்லை.

2010 அக்டோபரில் இதன் சந்தாதாரர்கள் 1 கோடியே 20 லட்சத்தைத் தாண்டினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வந்த ‘கேட்டகிளிசம்’ என்ற தொகுப்பு, ஐவர் சேர்ந்து ஆடும் நிலவறைப் போர்களைக் கடுமையாக்கியது. நெடுநாள் பழகிய குழுக்கள் அதைச் சமாளித்தன. ஆனால் 2009 டிசம்பர் முதல், முன்பின் அறியாத ஐவரைக் கணினியே இணைத்துவிடும் வசதி நடப்பில் இருந்தது. திட்டமிட்டுப் பேசாத ஐவர் அந்தப் போர்களில் மீண்டும் மீண்டும் தோற்றார்கள், பாதியிலேயே வெளியேறினார்கள். 2011 நடுப்பகுதியில் சந்தாதாரர் எண்ணிக்கை 1 கோடியே 11 லட்சமாக இறங்கியது. அதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் போரின் கடுமையும் குழு சேரும் முறையும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது தெளிவானது.

ஒரே கதை, பல படிகள்

2011 நவம்பரில் பெரும்படைப் போருக்கும் எளிய படி ஒன்று வந்தது. அறிமுகமில்லாத 25 பேரைக் கணினியே சேர்த்துக் களத்தில் இறக்கியது. 2014இல் மிகக் கடினமான படி 20 பேருக்கென வகுக்கப்பட்டது. ஜப்பானின் ‘ஃபைனல் ஃபேண்டசி 14’ விளையாட்டும் 2015இல் ‘அலெக்சாண்டர்’ போர்களை இரண்டாகப் பிரித்தது. கதையை அறிய விரும்புபவருக்கு இயல்பான படி. சவாலை விரும்புபவருக்குக் கொடிய படி.

படிகளை அமைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. எதிரியின் உயிர்ப்புள்ளிகளை மட்டும் கூட்டினால் போர் நீளும், சுவை கூடாது. நல்ல வடிவமைப்பில் மேல்படிக்குச் செல்லச் செல்லப் புதிய பொறுப்புகள் வருகின்றன. கீழ்ப்படியில் தரையில் எரியும் தீயை மிதித்தால் சிறு காயம் படும், சுதாரித்துக்கொள்ளலாம். மேல்படியில் அதே தீ ஒருவரின் பிழையால் முழுக் குழுவையும் வீழ்த்தும். அடிப்படை ஒன்றாக இருப்பதால், கீழே கற்றது மேலே உதவுகிறது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. கணினியே ஆள் சேர்த்துத் தரும்போது ஒருவரையொருவர் அறிய வேண்டிய தேவை குறைந்தது. ‘வணக்கம்’ கூடச் சொல்லாமல் சேர்ந்து, போர் முடிந்ததும் கலைந்துபோகும் குழுக்கள் பெருகின. பழைய கடினமும் பழைய நட்பும் வேண்டும் என்று கேட்டவர்களுக்காக, 2019 ஆகஸ்டில் அந்த நிறுவனம் தொடக்க கால வடிவத்தையே ‘கிளாசிக்’ என்ற பெயரில் மீண்டும் திறந்தது. எளிய வாசல் தேவைதான். உள்ளே வந்தவர் பழகுவதற்குக் காரணமும் தேவை.

பெற்றோர் அறிய வேண்டியதும் இதில் இருக்கிறது. மேல்படியில் ஆடும் பிள்ளையைப் போரின் நடுவே எழுப்பினால், மற்ற 19 பேரின் ஆட்டமும் கெடும். பிள்ளை முகம் சுளிப்பதற்குக் காரணம் பிடிவாதம் மட்டுமல்ல, மற்றவருக்குக் கொடுத்த வாக்கும்தான். ஆகவே, எந்த நாள், எத்தனை மணி வரை என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்வது நல்லது. தேர்வுக் காலத்தில் ஒரு மணி நேரத்தில் முடியும் எளிய படி போதும் என்று பிள்ளையிடம் சொல்லலாம். அப்படியொரு படி இருப்பது பெற்றோருக்குத் தெரிந்திருந்தால் வீட்டில் பாதிச் சண்டை குறையும்.