உறைபனிச் சாலைக்கு வண்டியை ஆயத்தம் செய்தல்

தமிழில் "பனி" என்ற ஒரே சொல்லால் மூன்று பொருட்களை நாம் குறிக்கின்றோம். மார்கழி விடியலில் ரிஷிவந்தியத்து வயல்வரப்புகளில் புல்நுனியில் திரண்டு நிற்கும் நீர்த்துளியும் பனியே. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளில் பேருந்தின் விளக்கொளியை விழுங்கிவிடும் மூட்டமும் பனியே. கனடாவில் முழங்கால் அளவு குவிந்து, பின் இறுகிச் சாலையைக் கண்ணாடியாக்கிவிடும் உறைபனியும் பனியே. முதல் இரண்டையும் நாம் நன்கு அறிவோம். கல்வராயன் மலைப்பாதையில் பழகிய ஓட்டுநர் மூட்டத்தைக் கண்டு கலங்குவதில்லை. விளக்கைத் தாழ்த்தி, தாழ்ந்த கியரில், வளைவுதோறும் ஒலி எழுப்பிக்கொண்டே மேலேறிவிடுவார். மூன்றாவது பனி வேறு இயல்புடையது. அதன் முன் ஓட்டுநரின் திறமையைவிட, வண்டி எவ்வாறு ஆயத்தம் செய்யப்பட்டுள்ளது என்பதே பெரிதாகின்றது.

வெயில் கொளுத்தும் நம் பகுதிக்கு இந்தச் செய்தி எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். தியாகதுருகத்திலிருந்து மேற்கே சென்று சேலத்தை அடைந்தால், அங்கே குறுக்கிடும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் மறுமுனை ஸ்ரீநகரில் இருக்கின்றது. நாமக்கல், சங்ககிரி லாரிகள் அந்த வழியே நெடுந்தொலைவு போய்வருகின்றன. அவற்றை ஓட்டுவோரும் உடன் செல்வோரும் நம் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளே. அன்றியும், மகள் செவிலியாக ஜெர்மனியிலும், மகன் கணிப்பொறித் துறையில் கனடாவிலும் பணிபுரியும் குடும்பங்கள் இன்று நம் பங்குகளில் அரிதல்ல. மகளின் பேறுகாலத்துக்கென ஜனவரியில் விமானம் ஏறும் தாய்மாரும் உண்டு. 1983-க்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து பெருந்தொகையாகச் சென்று டொரொண்டோவில் குடியேறிய தமிழர்கள், இந்தக் குளிரை ஒவ்வோர் ஆண்டும் எதிர்கொண்டு, அதற்குரிய பழக்கங்களைத் தம் வீட்டு வழக்கமாகவே ஆக்கிக்கொண்டுவிட்டனர். புதிதாகச் செல்வோர்க்கு வரும் ஆபத்து பெரும்பாலும் அறியாமையால் அன்று, நம் வெப்ப நாட்டில் சரியாக இருந்த பழக்கங்களை அங்கேயும் தொடர்வதால் வருவதே.

முதலாவதாக டயர். மற்றவை யாவும் இதற்குப் பின்னரே. நம்மூரில் டயரின் வரி தேய்ந்து வழவழப்பான பிறகும், "இன்னும் ஒரு பயணம் தாங்கும்" என்று ஓட்டுவோர் பலர். வண்டியை மந்திரிக்கக் கொண்டுவருவோர் மாலையும் சந்தனமும் மறவாமல் கொணர்கின்றனர். டயரையோ எவரும் குனிந்து பார்த்ததாகத் தெரியவில்லை. நம் நாட்டு விதி கார் டயருக்குக் கேட்பது 1.6 மில்லிமீட்டர் ஆழமுள்ள வரி. கனடாவிலோ, ஆழம் 4 மில்லிமீட்டரை நெருங்கிவிட்ட டயரைப் பனிச்சாலையில் பயன்படுத்த வேண்டாம் என்று அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை அறிவுறுத்துகின்றது.

ஆழம் மட்டும் போதாது. சாதாரண டயரின் ரப்பர், வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கும்போதே விறைக்கத் தொடங்குகின்றது. விறைத்த ரப்பர் சாலையைப் பற்றுவதில்லை. குளிர்கால டயர் எனத் தனியே விற்கப்படுவது, கடுங்குளிரிலும் மிருதுவாக இருக்கும் ரப்பரால் ஆனது. பனியைக் கவ்வுவதற்கென அதன் முகத்தில் நுண்ணிய வெட்டுகள் நிறைந்திருக்கும். பக்கவாட்டில் மூன்று சிகரங்கள் கொண்ட மலையும், அதனுள் ஒரு பனிப்படிகமும் பொறிக்கப்பட்டிருக்கும்; இந்த அடையாளத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். செலவைக் குறைக்க எண்ணி இரண்டு மட்டும் மாற்றுவது பெரும் தவறு. முன்சக்கரம் பற்றி நிற்க, பின்சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரம்போல் சுழன்றுவிடும். நான்கும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும்.

கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஜெர்மனியில் நாள் குறிக்கப்படவில்லை. சாலையில் பனியோ உறைநீரோ இருந்தால் அதற்குரிய டயர் இருந்தாக வேண்டும். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 முதல், இந்த டயர் பூட்டியோர்க்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்பது விதி.

டயருக்கு ஏன் இத்தனை வரிகள் என்றால், கணக்கு அத்தகையது. 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக்கை அழுத்தியபின் ஏறத்தாழ 15 மீட்டரில் நிற்கும். இறுகிய வெண்பனியில் அதற்கு 50 மீட்டர் வரை தேவைப்படும். ஈரம் படிந்த உறைபனியிலோ 100 மீட்டரும் போதாமல் போகலாம். நல்ல டயர் இந்தத் தொலைவைக் குறைக்குமே தவிர, பனியைத் தார்ச்சாலையாக மாற்றிவிடாது. தார் போட்ட சாலையின்மேல் மெல்லிய கண்ணாடித்தாள்போல் படியும் உறைபனி கண்ணுக்கே தெரிவதில்லை. சாலை வெறுமனே நனைந்திருப்பதாகவே தோன்றும். பாலங்களின் மேல் அது முதலில் படியும், அடியிலும் குளிர்காற்று வீசுவதால்.

இரண்டாவது, தண்ணீர். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டுவது நம்மூர் வழக்கம். நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பருமனில் பெருகும். கண்ணாடிப் புட்டியில் நீர் நிரப்பி உறைபெட்டியில் வைத்தால் புட்டி வெடிப்பதைக் கண்டிருப்பீர்கள். எஞ்சினின் இரும்புக்கும் அதே கதிதான். ஆகவே எத்திலீன் கிளைக்கால் என்னும் உறைதடுப்பு திரவத்தை நீருடன் சரிபாதி கலந்து ஊற்றுகின்றனர். இக்கலவை 37 பாகைக் கழிவு வரை உறையாது. இத்திரவம் இனிப்புச் சுவையுடைய நஞ்சு; குழந்தைகளுக்கும் வீட்டு விலங்குகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். முன்கண்ணாடியைக் கழுவும் சிறு தொட்டியிலும் வெறும் நீர் கூடாது. ஓடும்போது கண்ணாடியில் பீச்சிய நீர் அங்கேயே உறைந்து, கண்ணை மறைத்துவிடும். இதற்கென 40 பாகைக் கழிவிலும் உறையாத திரவம் விற்கின்றது. காலையில் கண்ணாடிமேல் பனி படிந்திருந்தால், நம் தாய்மார் எண்ணுவதுபோல் வெந்நீரை ஊற்றிவிடக் கூடாது. கண்ணாடி விரிசல் விடும். அதற்கு உரிய சுரண்டியும் தூரிகையும் வண்டியிலேயே இருக்க வேண்டும். கூரைமேல் குவிந்ததையும் தள்ளிவிட வேண்டும். இல்லையேல் முதல் பிரேக்கில் அத்தனையும் முன்கண்ணாடிமேல் சரியும்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்பதை அறியாதவர் நம்மில் இல்லை. டீசலுக்கும் அதே இயல்பு உண்டு. அதிலுள்ள மெழுகு குளிரில் திரிந்து, குழாயையும் வடிகட்டியையும் அடைத்துவிடும். லடாக் பகுதியில் இது நெடுங்காலத் துன்பம். மண்ணெண்ணெய் கலப்பதும், தொட்டியின் அடியில் தீ மூட்டி இளக்குவதும் ஓட்டுநர்களின் வழக்கமாக இருந்தது. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் 33 பாகைக் கழிவிலும் இளகி நிற்கும் குளிர்கால டீசலை அங்கே விற்பனைக்குக் கொணர்ந்தது. வடக்கே சரக்கேற்றிச் செல்வோர் சமவெளியில் நிரப்பிய டீசலை நம்பி மேலேறாமல், இதைக் கேட்டு வாங்குதல் நலம். சக்கரங்களுக்குப் பூட்டும் இரும்புச் சங்கிலியும் அவர்களுக்கு வேண்டும். தங்மார்கிலிருந்து குல்மார்குக்கு ஏறும் சாலையில் பனி கொட்டும் நாட்களில் சங்கிலியில்லாத வண்டியை மேலே விடுவதில்லை. பனியற்ற சாலைக்கு வந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் டயரும் சாலையும் கெடும்.

பேட்டரி கடுங்குளிரில் தன் வலிமையில் பாதியை இழந்துவிடும். எஞ்சின் எண்ணெயோ அதே வேளையில் கெட்டிப்பட்டு, கிளப்புவதற்கு அதிக வலிமை கேட்கும். எனவே மூன்று நான்கு ஆண்டு பழைய பேட்டரியை நவம்பருக்குள் சோதித்துக்கொள்ள வேண்டும். வின்னிபெக் போன்ற ஊர்களில் எஞ்சினைச் சூடாக வைத்திருக்க இரவெல்லாம் மின்கம்பி சொருகி வைக்கின்றனர். டயரின் காற்றழுத்தமும் குளிரில் குறையும். மாதம் ஒருமுறையேனும் அளத்தல் அவசியம். நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்குமாக எரிபொருள் நிரப்பும் வழக்கத்தையும் அங்கே விட்டுவிட வேண்டும். தொட்டி எப்போதும் பாதிக்குமேல் நிறைந்திருக்கட்டும். நெடுஞ்சாலை பல மணி நேரம் அடைபட்டால், அந்த எரிபொருளே உயிர்காக்கும் வெப்பமாகும்.

ஆனால் அதே வெப்பம் உயிரைப் பறிக்கவும் கூடும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2022 ஜனவரி 7-ஆம் நாள் இரவில், பாகிஸ்தானின் முர்ரீ மலை நகருக்குப் பனி பார்க்கச் சென்ற பல்லாயிரம் பேர் பெரும் பனிப்பொழிவில் சாலையிலேயே சிக்கினர். அவர்கள் சமவெளி மக்கள்; நம்மைப் போலவே பனிக்குப் புதியவர்கள். விடிந்தபோது குழந்தைகள் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் தம் கார்களுக்குள் இறந்து கிடந்தனர். குளிர் ஒரு காரணம். மற்றொன்று, கதகதப்புக்காக ஓட விட்ட எஞ்சினின் புகை. புகைபோக்கிக் குழாயைப் பனி மூடிவிட்டால், கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வண்டிக்குள் புகுந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் தலைவலி, பின் தூக்கம், அத்தூக்கத்திலிருந்து எழுவதில்லை.

ஆகவே சிக்கிக்கொண்டவர் முதலில் இறங்கி, வண்டியின் பின்னே உள்ள குழாயைச் சுற்றிப் பனியை அகற்ற வேண்டும். பின்னர் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட விட்டு, காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியை விரற்கடை அளவு திறந்து வைக்க வேண்டும். பனி நின்றபாடில்லை என்றால், ஒவ்வொரு முறையும் குழாயை மீண்டும் பார்க்க வேண்டும். வீட்டு வாசலிலும் இதே எச்சரிக்கை தேவை. தந்தை பனியை வாரிக்கொண்டிருக்கையில், குளிருமே என்று பிள்ளைகளை ஓடும் காருக்குள் அமர்த்துவது மிகக் கொடிய தவறு. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூட. பேரப்பிள்ளையைப் பார்க்கச் செல்லும் தாத்தா பாட்டியர் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்குத் தடித்த கம்பளிச் சட்டை அணிவித்து, அதன்மேல் இருக்கைப் பட்டையைக் கட்டுவதும் தவறு. மோதலில் சட்டை அமுங்கி, பட்டை தளர்ந்துவிடும். பட்டையைக் கட்டியபின் மேலே போர்வையைப் போர்த்துவதே முறை.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை சில உண்டு. சிறு மண்வெட்டி, ஒரு பை மணல், கம்பளிப் போர்வை, கைவிளக்கு, கைப்பேசிக்கு மின்னூட்டும் கம்பி, உலர்ந்த காலுறை, சிறிது தின்பண்டம். கடலை மிட்டாய் இதற்கு மிகப் பொருத்தம். குளிரில் கெடாது, பசியும் தாங்கும். மணல் உணவுக்கல்ல, சுழலும் சக்கரத்தின் அடியில் தூவிப் பிடிப்பு உண்டாக்க. மேற்கூறிய எல்லாவற்றையும் முதல் பனி விழுமுன் முடிக்க வேண்டும். விழுந்த மறுநாள் டயர்க் கடைகளில் வரிசை தெருவரை நிற்கும். தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்று கேட்கும் பெற்றோர், அக்டோபர் பிற்பகுதியில் "டயர் மாற்றினாயா?" என்றும் கேட்கலாம்.

இறுதியாக உப்பு. குல்பி ஐஸ் விற்பவர் பனிக்கட்டியில் உப்பைக் கலப்பதை நாம் கண்டிருக்கிறோம். உப்பு சேர்ந்த நீர் எளிதில் உறைவதில்லை. அந்த நாடுகளில் சாலையெங்கும் உப்பைத் தூவுவதும் இதற்காகவே. 10 பாகைக் கழிவுக்குக் கீழே அதுவும் அதிகம் பயன் தராது. அந்த உப்பு வண்டியின் அடிப்பாகத்தை, கடலோரத்து இரும்பு துருப்பிடிப்பதுபோல் அரித்துவிடும். எனவே குளிர்காலம் நெடுகவும், முடிவில் ஒருமுறை நன்றாகவும், அடிப்பகுதியை நீர் பீச்சிக் கழுவ வேண்டும். ஏப்ரலில் வெப்பம் 7 பாகைக்கு மேல் நிலைத்ததும் சாதாரண டயரை மீண்டும் பூட்டலாம். மிருதுவான குளிர்கால ரப்பர் கோடையில் விரைந்து தேய்ந்துவிடும். கழற்றிய நான்கையும் கழுவித் துடைத்து, எது எந்தச் சக்கரத்தினது என்று சுண்ணக்கட்டியால் குறித்து, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். அடுத்த அக்டோபரில் எடுக்கும்போது வரியின் ஆழத்தை மறுபடியும் அளந்து பார்த்த பின்னரே பூட்ட வேண்டும்.