ஆளிவிதை கேட்டு வருகிறவருக்கு நாம் என்ன சொல்வது?

நமது இதழில் வரி, உரிமம், தராசு முத்திரை பற்றியெல்லாம் அடிக்கடி எழுதுகிறோம். விற்கிற சரக்கைப் பற்றி எழுதுவது குறைவு. எண்ணெய் வித்து மண்டியில் நாற்பது வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒரு சரக்கைப் பற்றி எழுத நினைத்தேன். எழுதத் தூண்டியது நான் செய்த ஒரு தவறு.

2017-ஆம் ஆண்டு சித்திரையில் ஆளிவிதை மலிவாக வந்தது. விதையாக விற்றால் வாங்குகிறவர்கள் அரைக்கச் சிரமப்படுகிறார்கள் என்று எண்ணி, மில்லில் கொடுத்து மாவாக்கி, கால் கிலோ பாக்கெட்டுகளாகக் கட்டினேன். தகரக் கூரை போட்ட கிட்டங்கியில் அடுக்கி வைத்துச் சில்லறைக் கடைகளுக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து, பக்கத்து ஊர்க் கடைக்காரத் தம்பி ஒருவர் பாக்கெட்டோடு வந்தார். "அண்ணாச்சி, இது வார்னிஷ் வாடை அடிக்குது. எங்க தெருவுல பிள்ளைத்தாச்சிப் பொண்ணு ஒண்ணு, பாலும் தொடாது, மீனும் தொடாது. மீனுக்குப் பதிலா இதைத்தான் தினமும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கு" என்றார். முகர்ந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. அனுப்பிய பாக்கெட் அத்தனையையும் திரும்ப வாங்கிக் குழியில் கொட்டினேன். பணம் போனது பெரிதில்லை. அந்தப் பெண் நம்பிச் சாப்பிட்டாளே என்பதுதான் மனதை அறுத்தது. விற்கிற பொருளின் குணம் தெரியாமல் விற்றிருக்கிறேன். அதன் பிறகுதான் படித்தவர்களிடம் கேட்டும், புத்தகங்களைப் பார்த்தும் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டேன்.

நாம் உண்ணும் கொழுப்பில் பெரும்பகுதியை உடம்பு தானே மாற்றி அமைத்துக்கொள்ளும். இரண்டை மட்டும் அதனால் செய்ய முடியாது. உணவில்தான் வர வேண்டும். ஒன்று லினோலிக் அமிலம், இதை ஒமேகா 6 என்கிறார்கள். மற்றொன்று ஆல்பா லினோலெனிக் அமிலம், இது ஒமேகா 3 வகை. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற கணவன் மனைவி, 1929-இல் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது. அதிலிருந்துதான் இவை அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்கள் என்பது தெரிய வந்தது. இரண்டு பெயருக்கும் முன்னால் நிற்கும் 'லின்' என்பது ஆளிச் செடியின் லத்தீன் பெயர்தான். பெயரிலேயே நம் சரக்கு இருக்கிறது.

இதில் ஒமேகா 6 பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. நல்லெண்ணெயில் நூற்றுக்கு நாற்பது பங்கும், கடலை எண்ணெயில் முப்பது பங்கும், சூரியகாந்தி எண்ணெயில் அறுபது பங்குக்கு மேலும் அதுதான். நம் சமையலில் அது வேண்டிய அளவுக்கு மேலேயே கிடைக்கிறது. குறைவது ஒமேகா 3. கடலை எண்ணெயிலும் சூரியகாந்தியிலும் தேங்காய் எண்ணெயிலும் அது இல்லை என்றே சொல்லலாம். நல்லெண்ணெயில் பெயருக்குத்தான். ஆக, நம் கடையில் அதிகம் ஓடுகிற நான்கு எண்ணெயும் இந்த விஷயத்தில் கைகொடுக்காது. அதிலும் இந்த இரண்டு அமிலங்களும் உடம்புக்குள் ஒரே நொதிக்காகப் போட்டி போடுகின்றன. ஒமேகா 6 மிதமிஞ்சிப் போனால், இருக்கிற கொஞ்சம் ஒமேகா 3-ம் முழுதாகப் பயன்படாது.

மீன் சாப்பிடுகிற வீட்டில் மத்தியோ சாளையோ வாரம் இரண்டு முறை சட்டியில் ஏறினால் இந்தக் கணக்கு ஓரளவு நேராகிவிடும். பால், நெய், மீன், முட்டை எதையும் தொடாத 'வீகன்' என்கிற புதுத் தலைமுறைக்குத்தான் யோசனை தேவை. பாலை நிறுத்தியதால்தான் ஒமேகா 3 குறைகிறது என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. பாலில் அது கொஞ்சம்தான் உண்டு. பாலை விட்டவர்களுக்கு உண்மையில் இல்லாமல் போவது வைட்டமின் பி12. அதற்கு மாத்திரையோ, அது சேர்த்த உணவோதான் வழி. நம் கடைப் பருப்பிலும் விதையிலும் அது கிடைக்காது.

எவ்வளவு தேவை? அமெரிக்க மருத்துவக் கழகம் வகுத்த அளவுப்படி நாள் ஒன்றுக்கு ஆணுக்கு 1.6 கிராம், பெண்ணுக்கு 1.1 கிராம் ஆல்பா லினோலெனிக் அமிலம் போதுமானது. கர்ப்பிணிக்குச் சற்றுக் கூடுதல். நூறு கிராம் ஆளிவிதையில் சுமார் 22 கிராம் இருக்கிறது. அரைத்த மாவு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 7 கிராம் எடுத்தாலே ஆணின் ஒரு நாள் தேவை முடிந்தது. கால் கிலோ பாக்கெட் ஒருவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் வரும். வால்நட் என்றால் எட்டு ஒன்பது அரைப் பருப்பு வேண்டும். சியா விதை பத்து கிராம் போதும், ஆனால் விலை அதிகம்.

காசு செலவழிக்க முடியாதவருக்கு வழி இல்லையா என்றால், இருக்கிறது. சோயா எண்ணெயில் நூற்றுக்கு ஏழு பங்கு அளவில் இந்த ஒமேகா 3 உண்டு. கடுகு எண்ணெயிலும் ஆறு பங்குக்குக் குறையாது. ஒருவருக்கு நாளைக்கு 25 கிராம் எண்ணெய் செலவாகிறது என்றால், அதில் சோயா எண்ணெய் பாதியாக இருந்தாலே தேவையில் பாதி வந்துவிடும். வடக்கத்தியர் தலைமுறை தலைமுறையாகக் கடுகு எண்ணெயில் சமைக்கிறார்கள். நம் நாக்குக்கு அந்தக் காரம் ஒத்துவராது, அதை நான் வற்புறுத்த மாட்டேன். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் ஒரே எண்ணெயைப் பிடித்துக்கொள்ளாமல் மாற்றியும் கலந்தும் பயன்படுத்தத்தான் சொல்கிறது. கருப்பு உளுந்திலும் பருப்புக்கீரையிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. அவை மட்டும் போதாது. மேல்வரவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி நம் தொழிலுக்கு வருகிறேன். ஆளிவிதை எண்ணெய் பழைய நாளிலிருந்து பெயிண்டில்தான் அதிகம் போனது. அதை மரத்தில் பூசினால் காற்றுப்பட்டுக் காய்ந்து தோல் போலப் படியும். கடலை எண்ணெய் அப்படிக் காயாது. காரணம் அதே ஒமேகா 3 தான். காற்றிலுள்ள பிராணவாயுவோடு அது சீக்கிரம் சேருகிறது. மரத்தில் படிந்தால் வார்னிஷ், மாவில் நடந்தால் சிக்கு வாடை. இந்த எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிப்பதும் உண்டு. கிட்டங்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். முழு விதைக்கு மேலோடு காவலாக இருப்பதால், ஈரமும் வெயிலும் படாமல் வைத்தால் பல மாதம் நிற்கும். அரைத்துவிட்டால் காவல் போயிற்று. நான் தகரக் கூரைக்குக் கீழே வைத்தது அந்த மாவைத்தான்.

ஆகவே நான் இப்போது மாவாக விற்பதை நிறுத்திவிட்டேன். விதையாகக் கொடுத்து, வறுத்துக் கருக்காமல் லேசாகச் சூடு காட்டி, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் மிக்சியில் அடித்துக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்கிறேன். அரைக்காமல் முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும் என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் விற்பவர்கள் நிறப் புட்டியில் சிறிய அளவாக வாங்கி வையுங்கள். அது தாளிக்கவோ பொரிக்கவோ உதவாது. ஆறிய உணவில் ஊற்றிக்கொள்ளத்தான்.

மிக முக்கியமான ஒன்று. ஹார்டுவேர் கடையில் டின்னில் வரும் 'டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்' பெயிண்ட் சரக்கு. சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். பெயர் ஒன்றுதானே என்று யாராவது அதை ஊற்றிக் கொடுத்தால் அது விஷம் விற்பதற்குச் சமம். கலப்பட எண்ணெய் என்ன செய்யும் என்பதற்கு 1998-இல் டெல்லியே சாட்சி. கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்ததால் உடல் வீங்கி அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டில்தான் சமையல் எண்ணெயைப் பொட்டலமிட்டு விற்கும் ஆணை வந்தது. அப்போது நம்மில் பலர் முணுமுணுத்தோம், நானும்தான்.

பெயர்க் குழப்பம் இன்னொன்று. சியா கேட்பவருக்குச் சப்ஜா கொடுப்பது பல கடைகளில் நடக்கிறது. சப்ஜா ஒரே கறுப்பு, தண்ணீரில் போட்ட சில நிமிடத்தில் உப்பிவிடும். சியா சாம்பலும் கறுப்பும் கலந்து புள்ளிபோட்டிருக்கும், ஊற நேரம் எடுக்கும். விலையில் பெரிய வித்தியாசம் இருப்பதால் தெரியாமல் மாற்றினாலும் வாடிக்கையாளர் நம்மைத் திருடன் என்றுதான் நினைப்பார். அதேபோல் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் வீகன் என்று சொல்லிவிடாதீர்கள். பச்சைப் புள்ளிப் பொருளில் பாலும் தேனும் இருக்கலாம். வீகன் உணவுக்கு 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி தனி முத்திரை இருக்கிறது.

மீனில் இருக்கும் டி.எச்.ஏ. என்ற நீண்ட சங்கிலி ஒமேகா 3 பற்றியும் கேட்பார்கள். ஆளிவிதையில் அது இல்லை. அதிலுள்ளதை உடம்பு டி.எச்.ஏ.வாக மாற்றுவது மிகவும் சொற்பம். ஆனால் மீனும் அதைக் கடல்பாசியிலிருந்துதான் பெறுகிறது. அந்த நுண்பாசியையே தொட்டியில் வளர்த்து எண்ணெய் எடுத்து மருந்துக் கடைகளில் குளிகையாக விற்கிறார்கள். குளிகையின் உறை ஜெலட்டினாக இருந்தால் அது விலங்கின் எலும்பிலோ தோலிலோ செய்ததாக இருக்கும். வீகன்காரர் உறையையும் கேட்டு வாங்க வேண்டும். கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் ஆளிவிதையானாலும் குளிகையானாலும் மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இதை நாம் கல்லாவில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது.

அந்தப் பெண்ணுக்கு அப்போது புது விதை ஒரு கிலோ, காசு வாங்காமல் தம்பியிடம் கொடுத்தனுப்பி, மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடச் சொன்னேன். ஆவணியில் சுகப்பிரசவம் என்று தம்பி வந்து சொன்னார். இப்போதும் மாதம் கால் கிலோ என் மண்டி விதைதான் அந்த வீட்டுக்குப் போகிறது. மூட்டை பிரித்த தேதியைக் கேட்டுத்தான் வாங்குகிறாளாம்.