அக்னிபுத்ராவும் இரண்டு சாவிகளும்

லேக் மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலை முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கி வீடு திரும்பும் கொல்கத்தாத் தமிழர்களுக்கு மழைக்காலத்துப் பிற்பகல்கள் சற்று நீளமானவை. அத்தகைய ஒரு பிற்பகலில், பத்தாம் வகுப்பில் பயிலும் எம் மகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு ‘விக்ரம்’ திரைப்படத்தைப் பார்த்தோம். 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த படம் அன்று. 1986-இல் வெளிவந்த பழைய விக்ரம்.

அரைமணி நேரத்துக்குள் மகள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். அக்னிபுத்ரா என்னும் ஏவுகணையைச் சுகிர்தராஜா என்பவன் கடத்திச் செல்கிறான். அவனைத் தேடி உளவுத்துறை அதிகாரி விக்ரமும், கணிப்பொறி வல்லுநரான ப்ரீத்தி என்னும் பெண்ணும் சலாமியா என்னும் கற்பனை நாட்டுக்குப் பயணமாகிறார்கள். அந்நாட்டுக்கு ஓர் அரசர், ஓர் இளவரசி, எவருக்கும் புரியாத ஒரு மொழி. கமல்ஹாசன், சத்யராஜ், லிசி, அம்ஜத் கான், டிம்பிள் கபாடியா என்று பெரிய நடிகர் கூட்டம். இளையராஜாவின் இசை இன்றும் புதிதாக ஒலிக்கிறது. படத்தின் கணிப்பொறிகள் அப்படியில்லை. “இதைவிட என் கால்குலேட்டர் அதிகம் செய்யும், அப்பா” என்றாள் மகள். மறுக்க எம்மிடம் விடையில்லை.

எனினும் இப்படத்தின் மீது எமக்குள்ள அன்பு குறையவில்லை. அதற்குக் காரணம் உண்டு. படம் வந்தபோது நாம் தொடக்கப்பள்ளி மாணவர். எமது ஊர் வங்கியில் பித்தளை டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் காத்திருப்பார்கள். தடித்த லெட்ஜர்களைப் புரட்டி, மையால் பதிந்து, சரிபார்த்த பின்னரே பணம் கைக்கு வரும். வங்கிகளை இயந்திரமயமாக்குவது பற்றி ரங்கராஜன் குழு 1984-இல்தான் அறிக்கை அளித்திருந்தது. கணிப்பொறி என்பது எங்கோ விஞ்ஞானிகளிடம் இருக்கும் பொருள். அதை ஒரு தமிழ்ப்பெண் இயக்குவாள் என்பதை எம்மைப் போன்ற சிற்றூர்ச் சிறுவர்களுக்கு முதலில் காட்டியது இப்படமே.

கதை, வசனத்தில் பங்குகொண்ட எழுத்தாளர் சுஜாதா, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் பங்கு பெற்றவர். சலாமியா வெறும் கற்பனைதான். ஆனால் அக்னிபுத்ராவை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. படம் வந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1989 மே 22 அன்று, இந்தியாவின் ‘அக்னி’ ஏவுகணை ஒடிசாவின் சண்டிப்பூரிலிருந்து முதன்முறையாக ஏவப்பட்டது.

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த பின்னர் இவ்வூரின் கணிப்பொறி வரலாறும் எமக்குத் தெரிய வந்தது. நாட்டின் முதல் கணிப்பொறிகளுள் ஒன்று 1950-களின் நடுவில் பராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிறுவப்பட்டது. அடுத்த பத்தாண்டில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்துக்குக் கணிப்பொறி வருவதை எதிர்த்து இதே நகரில் ஊழியர்கள் போராடினார்கள். பொறி வந்தால் வேலை போய்விடும் என்பது அன்றைய அச்சம். பொறிக்குள் திருடன் நுழைவான் என்பது அதற்குப் பின்னர் வந்த அச்சம். அந்த இரண்டாவது அச்சத்தை உலகுக்கு அறிமுகம் செய்ததில் திரைப்படங்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

விக்ரமுக்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 1983-இல், ‘வார்கேம்ஸ்’ என்னும் ஹாலிவுட் படம் வெளிவந்தது. பள்ளி மாணவன் ஒருவன் தொலைபேசி இணைப்பின் வழியே அமெரிக்கப் படையின் கணிப்பொறிக்குள் புகுந்து, விளையாட்டு என்று எண்ணி அணு ஆயுதப் போரின் விளிம்புவரை உலகைக் கொண்டுபோய்விடுகிறான். அன்றைய அதிபர் ரீகன் அப்படத்தைப் பார்த்துவிட்டு, இவ்வாறு உண்மையிலேயே நடக்கக்கூடுமா என்று தம் படைத்தளபதியிடம் வினவினார். நடக்கக்கூடும் என்பதே விடையாக வந்தது. 1984 செப்டம்பரில் அரசின் கணிப்பொறிப் பாதுகாப்பு குறித்த ஆணை ஒன்றில் அவர் கையெழுத்திட்டார்.

அப்படத்திலும் பேசும் கணிப்பொறி போன்றவை இன்று சிரிப்பூட்டலாம். இரண்டு காட்சிகள் மட்டும் பழமையடையவில்லை. பள்ளியின் கணிப்பொறிக்கான கடவுச்சொல்லை மாணவன் எவ்வாறு அறிகிறான்? அலுவலக மேசையில் யாரோ அதைத் தாளில் எழுதி வைத்திருக்கிறார்கள். மற்றொன்று படத்தின் தொடக்கக் காட்சி. ஏவுகணையைச் செலுத்த இரண்டு அதிகாரிகள் இரண்டு சாவிகளை ஒரே நேரத்தில் திருப்பவேண்டும். ஆணை வருகிறது. ஒருவர் தம் சாவியைத் திருப்ப மறுக்கிறார், ஏவுகணை எழவில்லை.

வங்கியில் பணிபுரிவோருக்கு இக்காட்சி மிகவும் அறிமுகமானது. எமது காப்பறையும் இரண்டு அதிகாரிகளிடம் உள்ள இரண்டு சாவிகளால்தான் திறக்கும். கணினியிலும் அவ்வாறே, ஒருவர் பதிவு செய்வார், மற்றொருவர் ஒப்புதல் அளிப்பார். லெட்ஜர் போய்க் கணினி வந்தும் இந்த விதி மாறவில்லை.

உண்மைக் கொள்ளை திரைப்படக் கொள்ளையைப் போல் இருப்பதில்லை என்பதையும் அண்மைக்கால வரலாறு காட்டியது. கொல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டாக்காவில், வங்கதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். 2016 பிப்ரவரியில், நியூயார்க்கில் அவ்வங்கிக்கு இருந்த கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டாலரைப் பெயர்க்க முயன்றார்கள். 8.1 கோடி டாலர் மணிலாவுக்குச் சென்றுவிட்டது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர், பெறுநர் பெயரில் இருந்த ஓர் எழுத்துப்பிழையைக் கண்டு ஐயுற்றவர்களால் நின்றது. வேலை கேட்டு வந்த விண்ணப்பம் போன்ற மின்னஞ்சல்கள்தாம் திருடர்கள் நுழைந்த வழி. ஒரு மனிதரின் கவனக்குறைவு கதவைத் திறந்தது. இன்னொரு மனிதரின் கூர்மை ஒரு பகுதியைக் காத்தது.

எமது கிளையில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வந்து, தம் நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்து, முழுத்தொகையையும் வேறொரு கணக்குக்கு அனுப்பக் கோரினார். கையெழுத்து ஒத்திருந்தது, ஆவணங்கள் சரியாக இருந்தன, வரிசையோ நீண்டிருந்தது. ஒப்புதல் அளிக்கும் பொறுப்பு எம்முடையது. அளிக்கவே இருந்தோம். அப்போது, பதிவு செய்த இளம் எழுத்தர் எழுந்து வந்து, “சார், ஒரு நிமிடம். மாஷிமா கைப்பையில் ஃபோன் பேச்சில்தான் இருக்கிறது. அடிக்கடி அதையே பார்க்கிறார்” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். மாஷிமா என்பது வங்காளத்தில் முதிய பெண்மணிகளை மரியாதையுடன் அழைக்கும் உறவுச்சொல்.

அவரை உள்ளே அழைத்து அமரச் செய்தோம். கைப்பேசியை அணைக்க வேண்டினோம். நெடுநேரம் தயங்கிய பின் அழுதுவிட்டார். காவல் அதிகாரி என்று சொல்லிக்கொண்ட ஒருவன், அவர் ‘டிஜிட்டல் கைதில்’ இருப்பதாகவும், எவரிடமும் பேசக்கூடாது என்றும் இரண்டு நாள்களாக மிரட்டியிருக்கிறான். அப்படியொரு கைது நம் சட்டத்தில் கிடையாது. அவருடைய வாழ்நாள் சேமிப்பு காப்பாற்றப்பட்டது. அந்த இரண்டாவது சாவியை யோசியாமல் திருப்ப இருந்தவர் நாமே என்பதை இன்றும் மறக்க இயலவில்லை.

வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் இத்தகைய இரண்டு சாவிகள் உள்ளன. கடவுச்சொல் ஒன்று, கைப்பேசிக்கு வரும் ஓடிபி மற்றொன்று. ஓடிபியை வாய்விட்டுச் சொல்பவர் காப்பறையின் இரண்டாவது சாவியைக் கொடுத்துவிடுகிறார். வங்கி ஊழியர் எவரும் அதைக் கேட்கமாட்டார். தவறு நேர்ந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே வங்கிக்கும் 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, வாடிக்கையாளரே ரகசிய விவரங்களைப் பகிர்ந்து இழப்பு ஏற்பட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேர்ந்த இழப்பு அவரையே சார்ந்தது. தெரிவித்த பின் நேர்ந்தது வங்கியைச் சார்ந்தது. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது.

படம் முடிந்தபோது வெளியே மழை விட்டிருந்தது. அவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்த மகள், “ஏவுகணையையே எடுத்துவந்த வில்லனை எதிர்க்க அந்தப் பொண்ணையும் ஏன் அப்பா கூட்டிக்கொண்டு போனார்கள்?” என்று கேட்டாள். பொறியை அறிந்த மனிதர் ஒருவர் வேண்டியிருந்தது என்றோம். அவள் சற்று யோசித்தாள். பிறகு ஊரில் தனியாக இருக்கும் தன் பாட்டியைத் தொலைபேசியில் அழைத்து, “பாட்டி, யார் கேட்டாலும் ஃபோனில் வரும் நம்பரைச் சொல்லிடாதீங்க” என்று தொடங்கினாள்.