பழைய பெட்டி ஏன் மௌனமானது?



ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அங்கே ஒரு தாத்தா. சிற்றலையில் பிபிசி தமிழோசை கேட்டு வளர்ந்த தலைமுறை. இப்போது கண்பார்வை மங்கிவிட்டது. பிள்ளைகள் வாங்கித் தந்த இணைய வானொலிப் பெட்டியில் மூன்றாவது பொத்தானை அழுத்தினால் லண்டன் கேட்கும் என்பது அவருடைய விரலுக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் அழுத்துகிறார், பெட்டி பேசவில்லை. மின்சாரம் இருக்கிறது, இணையமும் இருக்கிறது. பேரனின் கைத்தொலைபேசியில் அதே நிலையம் கணீரென்று கேட்கிறது. “பெட்டி கெட்டுப்போச்சு தாத்தா, தூக்கிப் போட்டுடலாம்” என்கிறான் பேரன்.

பெட்டி கெடவில்லை. நிலையம் தன் ஒலியை அனுப்பும் வடிவத்தை மாற்றிவிட்டது. இந்தத் தாத்தா நான் சொல்லும் உதாரணம்தான். ஆனால் 2015ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பிபிசி பழைய வடிவத்தை நிறுத்தியபோது பல வீடுகளில் இதுதான் நடந்தது. நிலையங்கள் ஏன் இப்படி மாற்றுகின்றன, மாற்றும்போது நேயருக்கு என்ன கடமைப்பட்டிருக்கின்றன என்பதே இன்றைய என் பேச்சு.

ஒலியைச் சுருக்கும் கலை

குறுந்தட்டில் உள்ள இசையை அப்படியே இணையத்தில் அனுப்ப வேண்டுமானால் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் தேவை. 1995இல் ரியல் ஆடியோ வெளிவந்தபோது, பல வீடுகளில் தொலைபேசிக் கம்பி வழியே விநாடிக்கு 14.4 கிலோபிட்தான் வந்தது. பெரிய ஆற்றை ஒரு சிறு குழாய்க்குள் விடுவதுபோல, ஒலியை ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டியிருந்தது. அதனால் குரல் தொலைபேசியில் பேசுவது போலத்தான் கேட்டது. ஆனாலும் கடல் கடந்த ஒரு நிலையம் கணினியில் பேசியது அன்று பெரிய அதிசயம்.

சுருக்குவதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வழி வைத்திருந்தது. ரியல் ஆடியோ ஒன்று, மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் மீடியா இன்னொன்று. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக் கழகத்துக்குப் பெரும் பங்குள்ள எம்பி3 மற்றொன்று. அதற்குப் பின் வந்த ஏஏசி, அதே தரத்தை எம்பி3யை விடக் குறைந்த இடத்தில் தரக்கூடியது. சுருக்கியவர் எந்த முறையில் சுருக்கினாரோ, அதே முறையில்தான் கேட்பவரின் கருவியும் விரிக்க வேண்டும். அந்த முறை தெரியாத பெட்டிக்கு வந்து சேருவது வெறும் எண்களே.

துண்டு துண்டாக வரும் ஒலி

சுருக்கும் முறையோடு, அனுப்பும் முறையும் மாறியது. முன்பு நிலையத்தின் கணினிக்கும் உங்கள் பெட்டிக்கும் இடையே ஒரு தொடர்பு திறந்தபடியே இருக்கும். ஒலி இடைவிடாமல் ஓடிவரும். ஆயிரம் பேர் கேட்டால் ஆயிரம் தொடர்புகளைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

ஆப்பிள் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில், ஒலியைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டிச் சாதாரண இணையப் பக்கங்களைப் போலவே அனுப்புகிறார்கள். ஒரே நிகழ்ச்சியைப் பல தரங்களில் வைத்திருந்தால், கருவியே இணைய வேகத்தைப் பார்த்துத் தனக்கேற்றதை எடுத்துக்கொள்ளும். பேருந்தில் போகும்போது வேகம் குறைந்தால் தரம் சற்றுக் குறையும், நிகழ்ச்சி அறுபடாது. நிலையத்துக்குச் செலவும் குறைவு.

இதிலும் குறை உண்டு. துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒலிப்பதால் நிகழ்ச்சி அரை நிமிடம் வரைகூடப் பிந்திக் கேட்கலாம். மணிக்கொரு முறை வரும் நேர ஒலியைக் கேட்டு இனி கடிகாரத்தைத் திருத்த முடியாது!

லண்டனில் நடந்த மாற்றம்

தொடக்கத்தில் ரியல் ஆடியோ, பிறகு விண்டோஸ் மீடியா என்று பிபிசி பல வடிவங்களில் ஒலிபரப்பி வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கருவிகளும் பராமரிப்பும் தேவை. 2015இல் விண்டோஸ் மீடியாவை நிறுத்திவிட்டுத் துண்டு முறைக்கு மாறியது. புதிய முறை தெரியாத பெட்டிகளுக்காக எம்பி3 வழி ஒன்றையும் வைத்தது. தயாரிப்பாளர்கள் மென்பொருளைப் புதுப்பித்துத் தந்த பெட்டிகள் பிழைத்தன, மற்றவை ஊமையாயின. பிறகு 2023இல் உள்நாட்டு நிலையங்களுக்கான அந்தப் பழைய எம்பி3 வழியும் மூடப்பட்டது. முதல் மாற்றத்தில் தப்பிய சில பெட்டிகள் இரண்டாவதில் மாட்டிக்கொண்டன.

நிலையத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. பொதுமக்கள் பணத்தில் நடக்கும் நிறுவனம், சிலருக்காகப் பழைய கருவிகளை என்றென்றும் ஓட்ட முடியுமா? ஆனால் அந்தச் சிலர் யார் என்றும் பார்க்க வேண்டும். கைத்தொலைபேசியைத் தடவிப் பழகியவர்கள் மறுநாளே மாறிவிட்டார்கள். தவித்தவர்களில் பலர் பொத்தானை மட்டுமே நம்பியிருந்த முதியவர்களும் பார்வை குறைந்தவர்களும்தான்.

அன்று காட்டிய மரியாதை

அமெரிக்காவில் 1961இல் பண்பலையில் ஸ்டீரியோ ஒலிபரப்பைத் தொடங்கியபோது பொறியாளர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். இடப்பக்க, வலப்பக்க ஒலிகளின் கூட்டுத்தொகையைப் பழைய இடத்திலேயே அனுப்பினார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பழைய பெட்டிக்குக் கேட்காத உயர்ந்த அலைவரிசைப் பகுதியில் வைத்தார்கள். புதிய பெட்டி இரண்டையும் சேர்த்து ஸ்டீரியோ தந்தது. பழைய பெட்டியும் எதையும் இழக்காமல் பாடியது. புதியவர் வந்ததற்காகப் பழையவர் வெளியே போக வேண்டியிருக்கவில்லை.

இணைய வானொலியில் அந்த ஏற்பாடு தானாக அமைவதில்லை. ஆகவே அதை நாம் கேட்டுப் பெற வேண்டும்.

வடிவம் மாற்ற விரும்பும் நிலையங்களுக்கு, பெரியதோ சிறியதோ, நான் சொல்வது மூன்று. பழையதையும் புதியதையும் சில மாதங்களாவது பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடுங்கள். மாற்றத்தை இணையப் பக்கத்தில் எழுதினால் போதாது. பழைய ஒலிபரப்பிலேயே, குரலில் சொல்லுங்கள். பெட்டியை மட்டும் நம்பியிருப்பவர் காதால்தான் அறிவார். மூன்றாவது, ஓர் எளிய எம்பி3 வழியை இயன்றவரை திறந்து வையுங்கள். அதன் உரிமக் கட்டணத் திட்டம் 2017இல் முடிந்துவிட்டது. அதை வாசிக்காத கருவி அரிது.

நேயர்களுக்கும் ஒன்று. பெட்டி வாங்கும்போது விலையோடு, மென்பொருளைப் புதுப்பிக்க முடியுமா என்றும் கேளுங்கள். வீட்டுப் பெரியவரின் பெட்டி மௌனமானால் குப்பையில் போடுமுன் நிலையத்தின் புதிய முகவரியையும் பெட்டிக்கான புதிய மென்பொருளையும் தேடிப் பாருங்கள். பத்து நிமிட வேலையாக இருக்கலாம். அந்தப் பத்து நிமிடம், தாத்தாவின் மூன்றாவது பொத்தானை மறுபடி பேசவைக்கும்.