நுரைநீரில் படகோட்ட என்ன வேண்டும்? கருவிகளும் அவற்றுக்கான சொற்களும்

சென்ற ஆண்டு என் படிவம் நான்கு மாணவன் ஒருவன், மாமாவோடு கோப்பேங் போய்ப் படகோட்டிய அனுபவத்தைக் கட்டுரையாக எழுதி வந்தான். நல்ல கட்டுரைதான். ஆனால் 'கயாக்', 'ஹெல்மெட்', 'லைஃப் ஜேக்கெட்', 'பேடல்', 'ரோப்' என்று வரிக்கு வரி ஆங்கிலம். ஏழு இடத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டான்.

"டீச்சர், இதுக்கெல்லாம் தமிழ்ல என்னன்னு நீங்களே சொல்லுங்க."

துடுப்பு, தலைக்கவசம், கயிறு என்று சொல்லி வந்தேன். 'உயிர்காப்பு மேலங்கி' என்றதும் அவன் நிறுத்தினான். "அதுல ரெண்டு வகை இருக்கு டீச்சர். ரெண்டுக்கும் ஒரே சொல்லா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அது சொல் பிரச்சினையாக மட்டும் இருந்திருந்தால் அகராதியைப் புரட்டிவிட்டு விட்டிருப்பேன். மூன்று வாரம் கழித்து அதே ஆற்றுக்கு எங்கள் பள்ளி மாணவர்கள் 38 பேரைப் புறப்பாட நடவடிக்கைக்காக அழைத்துப் போகும் பொறுப்பு எனக்கு. பெற்றோருக்கான அனுமதிக் கடிதத்தில் 'அனைவருக்கும் உயிர்காப்பு மேலங்கி வழங்கப்படும்' என்று எழுதியவளே நான்தான். எதை வழங்குவார்கள், அது என்ன செய்யும் என்று எனக்கே தெரியாமல் எழுதியிருந்தேன். பிறகு தேடிப் படித்தும், ஆற்று வழிகாட்டிகளிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன். மாணவர்களை ஆற்றுக்கு அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கும் பயன்படும், கருத்து விளக்கக் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கும் பயன்படும்.

முதலில் ஆறு. ஈப்போவிலிருந்து தெற்கே கோப்பேங் வழியாகப் போனால், தித்திவங்சா மலைத்தொடரிலிருந்து இறங்கும் கம்பார் ஆறு வரும். பாறைகளுக்கிடையே பாய்ந்து, பிறகு சமவெளியில் அடங்கி, கிந்தா ஆற்றோடு சேர்கிறது. ஒரு காலத்தில் கோப்பேங் வட்டாரத்து ஈயச் சுரங்கக்காரர்கள் இந்த மலைநீரைக் குழாய் வழியே இறக்கி, அதன் அழுத்தத்தாலேயே மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்தார்கள். இப்போது அதே மலைநீரில் காற்றடைத்த படகில் இறங்கச் சுற்றுப்பயணிகள் வருகிறார்கள். பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த எங்கள் தாத்தா காலத்துப் பிள்ளைகளுக்கு லாரி டியூபும் வாழைமரத் தெப்பமும்தான் படகு. கவசம், மேலங்கி எதுவும் கிடையாது. 'நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?' என்று தாத்தா கேட்பார். செத்துப் போனவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க வருவதில்லையே!

'வைட் வாட்டர்' என்பதைச் சிலர் 'வெள்ளை நீர்' என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்கு அது பால் கலந்த தண்ணீர் போலத்தான் தோன்றும். பாறையில் மோதிய நீரில் காற்று கலந்து நுரைப்பதால்தான் அது வெள்ளையாகத் தெரிகிறது. ஆகவே நான் 'நுரைநீர்' என்று எழுதுகிறேன். இந்தக் காட்சி தமிழுக்குப் புதிதும் அல்ல. புறநானூற்றின் 192ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனார், மழை பெய்து பெருகிய பேராறு கல்லில் மோதி ஒலிக்க, அதன் போக்கில் இழுபட்டுச் செல்லும் மிதவையைத்தான் உயிருக்கு உவமையாக்குகிறார். 'புணை' என்பது அந்த மிதவைக்கு அவர் இட்ட பெயர். காற்றடைத்த 'ராஃப்ட்'டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா? தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

நுரைநீரை உலக அளவில் 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 என்றால் சலசலப்பு மட்டும். 3 என்றால் ஒழுங்கற்ற அலைகள், படகைத் திருப்பத் தெரிந்திருக்க வேண்டும். 6 என்றால் உயிரைப் பணயம் வைப்பது. கோப்பேங்கில் பொதுமக்கள் போகும் பகுதி பெரும்பாலும் 1 முதல் 3 வரைதான். ஆனால் தரம் ஆற்றுக்கு நிரந்தரமாக ஒட்டிய பட்டம் அல்ல. மலையில் மழை பெய்தால் அதே இடம் ஒரு மணி நேரத்தில் வேறு ஆறாகிவிடும்.

அடுத்து படகு. மாணவர்கள் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான். கயாக்கில் கால்களை முன்னே நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் அலகுள்ள துடுப்பை வலிப்பார்கள். கனூவில் பெரும்பாலும் மண்டியிட்டு, ஒற்றை அலகுத் துடுப்பை வலிப்பார்கள். கயாக் வடதுருவப் பகுதி இனுவிட் மக்களின் சொல். அவர்கள் கடல்நாய்த் தோலைச் சட்டத்தின்மேல் போர்த்திச் செய்தார்கள். கனூ கரீபியத் தீவு மக்களின் சொல், ஸ்பானியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கட்டுமரம் நம்மிடமிருந்து போய் 'கேட்டமரான்' ஆனது போலத்தான். ஆகவே கயாக், கனூ இரண்டையும் அப்படியே எழுதலாம். ஒலிபெயர்த்துவிட்டு ஒரே ஒரு வரியில் விளக்குங்கள், போதும். இரண்டையும் 'தோணி' என்று எழுதிப் போகும் கட்டுரையைவிட அது தெளிவாக இருக்கும்.

1970கள் வரை நுரைநீர்க் கயாக்குகள் பெரும்பாலும் கண்ணாடி இழையால் ஆனவை. பாறையில் மோதினால் விரிசல் விடும். பிறகு பாலிஎத்திலின் நெகிழியைச் சுழலும் அச்சில் உருக்கி வார்க்கும் முறை வந்தது. அந்தப் படகு உடையாமல் நெளிந்து மீளும். இன்றும் பெரும்பாலானவை இப்படித்தான் செய்யப்படுகின்றன. மாறியிருப்பது வடிவம். இப்போது ஆர்வலர்கள் அதிகம் பேசுவது 'ஹாஃப் ஸ்லைஸ்' என்ற வகையைப் பற்றி. முன்பகுதி பருத்து அலைமேல் ஏறும், பின்பகுதி கத்திபோல் மெலிந்து நீருக்குள் அழுந்தும். பிரான்யா நிறுவனத்தின் ரிப்பர், டேகர் நிறுவனத்தின் ரீவைண்ட் இரண்டும் இந்த வகை. மிதமான ஆற்றில்கூட விளையாட இடம் கொடுப்பதால்தான் இவற்றுக்கு வரவேற்பு. செங்குத்தான மலையோடைக்கு வேறு வகை: பருமன் அதிகம், முனை நன்றாக மேல்நோக்கி வளைந்திருக்கும், அருவியில் விழுந்தாலும் சட்டென்று மேலே வரும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக 'கயாக் கிராஸ்' நடந்தது. நான்கு பேர் ஒரே நேரத்தில் உயரமான மேடையிலிருந்து படகோடு நீரில் விழுந்து முந்தப் பார்ப்பார்கள். நடுவில் ஒருமுறை படகோடு கவிழ்ந்து சுழன்று எழவும் வேண்டும். என் மாணவர்களுக்கு இந்தக் காணொலியைக் காட்டியபின் வகுப்பில் பாடம் நடத்த முடியவில்லை.

நமக்குப் பக்கத்தில் புழக்கத்துக்கு வரக்கூடியது இன்னொன்று, 'பேக்ராஃப்ட்'. காற்றை எடுத்துவிட்டால் முதுகுப் பைக்குள் அடங்கும் ஒற்றையாள் மிதவை. எடை சில கிலோதான். முழு நெகிழிக் கயாக்கைத் தூக்கிக்கொண்டு ரப்பர்க் காட்டுக்குள் நடந்து பாருங்கள், அப்போது இதன் அருமை தெரியும்.

இனி அந்த மாணவன் கேட்ட கேள்வி. மேலங்கிகளை அவை தரும் மிதப்பு விசையால் பிரிக்கிறார்கள், அளவு நியூட்டனில். ஐஎஸ்ஓ 12402 என்ற அனைத்துலகத் தரத்தில் நம் கண்ணில் அதிகம் படுபவை இரண்டு: 50, 100. பெரியவர்களுக்கான அளவில், 50 நியூட்டன் என்றால் ஏறக்குறைய ஐந்து கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கும் விசை. 'ஐம்பது கிலோ ஆளை ஐந்து கிலோ எப்படி டீச்சர் தூக்கும்?' என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. உடலே பெரும்பாலும் நீரில் மிதக்கும் தன்மை கொண்டது. தலையை நீருக்கு மேலே வைத்திருக்கச் சிறிய உதவி போதும். ஆனால் 50 வகை, நினைவிழந்தவரை முகம் மேலே இருக்கும்படி புரட்டிப் போடாது. நீந்தத் தெரிந்தவருக்கும், பக்கத்தில் உதவி இருக்கும் இடத்துக்கும்தான் அது. 100 வகையில் கழுத்தைச் சுற்றிப் பட்டை இருக்கும். அது புரட்டிப் போடுவதற்காகச் செய்யப்பட்டது.

அப்படியானால் எல்லாருக்கும் 100 கொடுத்துவிடலாமே? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கயாக்கில் துடுப்பு வலிக்கத் தோள் அசைய வேண்டும், கவிழ்ந்தால் நீந்த வேண்டும். பருமனான சட்டை அதற்குத் தடை. அதனால் நுரைநீரில் பெரும்பாலும் 50 வகையை, அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல் மிதப்புள்ளதை அணிகிறார்கள். கூடவே ஒரு செய்தி: நுரையில் பாதி காற்று. காற்று கலந்த நீர் நம்மைக் குறைவாகத்தான் தாங்கும். அமைதியான ஏரியில் போதுமான மிதப்பு, நுரைக்கும் குழியில் போதாமல் போகலாம்.

இப்போது நான் 50 வகையை 'மிதப்புச் சட்டை' என்றும், 100 வகையை 'உயிர்காப்பு மேலங்கி' என்றும் எழுதுகிறேன். அனுமதிக் கடிதத்தையும் திருத்தி எழுதினேன்.

ஆனால் எந்த எண்ணாக இருந்தாலும் சட்டை உடம்போடு பொருந்தவில்லை என்றால் வீண். மாணவர் அணிந்து எல்லா வார்களையும் இறுக்கியபின், இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். சட்டை காது வரைக்கும் வந்தால் அது அவருடைய அளவு இல்லை. எங்கள் பயணத்தன்று இதை 38 பேருக்கும் செய்தேன். ஒரு சிறிய பெண்ணின் சட்டை அப்படியே கழன்று தலைக்கு மேல் வந்துவிட்டது. இன்னொருவனுடைய கொக்கி உடைந்து, அதைக் கயிற்றால் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். 'பரவால டீச்சர், ஆறு இன்னிக்கு கம்மிதான்' என்றார் கொடுத்தவர். நான் நகரவில்லை. இருபது நிமிடம் தாமதமானது, இரண்டையும் மாற்றிக் கொடுத்தார்கள்.

தலைக்கவசம்: மோட்டார் சைக்கிள் கவசம் உதவாது, நீர் உள்ளே தேங்கும். படகோட்டத்துக்கென்று இஎன் 1385 என்ற ஐரோப்பியத் தரம் இருக்கிறது. அதுவும் தரம் 4 வரையிலான ஆறுகளுக்குத்தான். நெற்றியை மூட வேண்டும். பின்னால் சாய்த்துப் போட்டுக்கொண்டு படம் எடுக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் முன்னே இழுத்து விடுங்கள்.

துடுப்பு: நுரைநீர்க் கயாக்குக்கு 190 முதல் 205 சென்டிமீட்டர் வரை, ஏரியில் ஓட்டுவதற்கு இதைவிட நீளமானது. இங்கே மொழிக் குறிப்பு ஒன்று. கையில் பிடித்து வலிப்பது துடுப்பு. படகின் விளிம்பில் பொருத்தி வலிப்பது தண்டு. 'தண்டு வலித்தல்' என்ற பழைய வழக்கே உண்டு. இரண்டையும் மாற்றி எழுதாதீர்கள்.

கயாக்கின் வாய்க்குள் நீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மாட்டும் நியோப்ரீன் விரிப்பு ஒன்று உண்டு. அதன் முன்புறம் ஒரு பிடிவார் இருக்கும். கவிழ்ந்தால் அதை இழுத்துத்தான் வெளியே வர வேண்டும். வாரை உள்ளே மடித்து மாட்டிவிட்டால் தலைகீழாகத் தேட வேண்டியிருக்கும். பயிற்சி இல்லாத மாணவருக்கு இந்த விரிப்பே வேண்டாம்.

குழுவுக்கு ஒன்றாவது வேண்டியது எறிகயிற்றுப் பை. உள்ளே 15 முதல் 25 மீட்டர் மிதக்கும் கயிறு. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பையை வீசினால் கயிறு தானாக விரியும். கடையில் வாங்குவது சுலபம். குறி தவறாமல் வீசப் பள்ளித் திடலில் பத்து முறையாவது பழக வேண்டும்.

வெளிநாட்டு விளம்பரங்களில் பெரிதாகக் காட்டும் 'ட்ரை சூட்' குளிர்நாட்டுக்கானது. பேராவில் அதைப் போட்டால் வெந்து போவோம். முழுக்கை நீச்சல் சட்டை, குதிகாலைப் பிடித்திருக்கும் காலணி, ஒரு ஊதல், போதும். சிலிப்பர் வேண்டவே வேண்டாம். முதல் அலையிலேயே போய்விடும், பிறகு பாறையில் வெறுங்கால்.

கருவி தடுக்க முடியாதவையும் உண்டு. மலையில் பெய்த மழை திடீரென்று சுவர்போல் இறங்குவதை மலாயில் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். தெளிந்த நீர் கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ உடனே கரையேற வேண்டும். மலைமழை பெரும்பாலும் பிற்பகலில் என்பதால் காலையிலேயே தொடங்குவது நல்லது. விழுந்த மரமும் மூங்கில் புதரும் நீரை விடும், ஆளை விடாது. ஓடும் நீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் கால் மாட்டும். மல்லாந்து, கால்களை நீரோட்டத் திசையில் மேலே தூக்கி வைத்து மிதந்து, ஓட்டம் தணிந்த இடத்தில் கரை சேர வேண்டும். 2018 அக்டோபரில் பூச்சோங்கில் பழைய சுரங்கக் குட்டையில் இளைஞர் ஒருவரைத் தேடி இறங்கிய தீயணைப்புத் துறையின் ஆறு நீர்மீட்பு வீரர்கள் நீரோட்டத்தில் சிக்கி இறந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள், கருவியோடு இறங்கியவர்கள். கிந்தா வட்டாரம் முழுக்கவே இப்படிப்பட்ட குட்டைகள் உண்டு என்பதால் இதை வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை.

தேர்வெழுதும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கருவியின் பெயரை அடுக்குவது விளக்கம் ஆகாது. 'தலைக்கவசம், மிதப்புச் சட்டை, துடுப்பு ஆகியன தேவை' என்று எழுதினால் அது பட்டியல். 'தோள்பட்டையை இழுத்தால் மேலேறாத அளவுக்கு மிதப்புச் சட்டை இறுக்கமாக இருக்க வேண்டும். இல்லையேல் நீரில் விழுந்ததும் ஆள் கீழும் சட்டை மேலுமாகப் பிரிந்துவிடும்' என்று எழுதுங்கள். ஏன், எப்படி என்ற இரண்டும் அதில் வந்துவிட்டன.

அந்த மாணவன் கட்டுரையைத் திருப்பி எழுதிக் கொடுத்தான். ஆறு வட்டம் போய்விட்டது, ஒன்று மட்டும் பாக்கி. இடுப்பில் மாட்டும் அந்த விரிப்புக்கு அவன் 'படகுப் பாவாடை' என்று எழுதியிருக்கிறான். நான் 'நீர்த்தடுப்பு விரிப்பு' என்கிறேன். "அது ரொம்ப நீளம் டீச்சர்" என்கிறான். உங்களிடம் இதைவிட நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள்.